40 ஏக்கரில் சொந்த ரன்வே: யாரிடம் அனுமதி, யாரிடம் சம்மதம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நடு டெக்சாஸில், நகர எல்லைக்கு வெளியே, 40 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கிறீர்கள். கையில் செஸ்னா 172எஸ் என்ற ஒரு சிறு விமானம் இருக்கிறது. நிலத்திலேயே புல் ரன்வே போட்டு, சனி ஞாயிறுகளில் வீட்டு வாசலிலிருந்தே பறக்க ஆசை. தெற்கே ஒட்டிய நிலத்துக்காரர் குதிரை வளர்ப்பவர். "ஒரு விமானம் இறங்கினாலும் ஷெரிப்பைக் கூப்பிடுவேன்" என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டார். அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் அனுமதி வாங்கிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதானே என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வானம் மத்திய அரசின் கையில். நிலம் மாநிலம், கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), நகராட்சி, உங்கள் கிரயப் பத்திரம் இவற்றின் கையில். அண்டைக்காரரின் நிம்மதி, தகராறு முற்றினால், உள்ளூர் நீதிமன்றத்தின் கையில். ஒரு வாசலில் வாங்கிய சீட்டு அடுத்த வாசலில் செல்லாது. எஃப்.ஏ.ஏ. கொடுப்பது அனுமதியே அல்ல. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். ஷெரிப்பைப் பொறுத்தவரை, சொந்த நிலத்தில் விமானம் இறங்குவது அங்கே தன்னளவில் குற்றமில்லை. ஆனால் அண்டைக்காரர் சிவில் வழக்குப் போடலாம். போட்டால், "எஃப்.ஏ.ஏ. கடிதம் வைத்திருக்கிறேன்" என்பது தற்காப்பு ஆகாது.

சட்டத்துக்குப் போகும் முன் அளவு நாடாவை எடுங்கள். 40 ஏக்கர் என்றால் 17,42,400 சதுர அடி. அது சதுர நிலமானால் ஒரு பக்கம் 1,320 அடி. மூலைக்கு மூலை போட்டாலும் 1,867 அடிதான். உங்கள் விமானத்தின் கையேடு கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், முழு எடையோடு, 50 அடி உயரத் தடையைத் தாண்டிக் கிளம்ப 1,630 அடி வேண்டும் என்கிறது. அதில் தரையில் ஓடுவது 960 அடி. இது தார் போட்ட, வழவழப்பான, வறண்ட ரன்வேக்கான கணக்கு. காய்ந்த புல் என்றால் தரையில் ஓடும் தூரத்தில் 15 சதவீதத்தைக் கூட்டச் சொல்கிறது கையேடு. ஆக 144 அடி சேர்த்து 1,774. இறங்குவதற்குப் புல்லில் இன்னும் கடுமை: ஓடும் தூரத்தில் 45 சதவீதம் கூடும்.

டெக்சாஸ் கோடையில் 15 டிகிரி எங்கே இருக்கிறது? நிலம் கடல் மட்டத்திலிருந்து 1,000 அடி உயரம், வெயில் 35 டிகிரி என்று வையுங்கள். காற்றின் அடர்த்தி சுமார் 3,600 அடி உயரத்தில் இருப்பதைப் போல மெலிந்துவிடும். அப்போது புல்லில் 50 அடித் தடையைத் தாண்ட 2,000 அடிக்கு மேல் போகும். சரியான எண்ணை உங்கள் விமானத்தின் அட்டவணையில் பாருங்கள். அந்த அட்டவணை எண்கள் புது விமானத்தில், தேர்ந்த விமானி எடுத்தவை. அதன் மேல் பாதியளவு கூட்டி வைத்துக்கொள்வது புல் ரன்வேக்காரர்களிடையே உள்ள நல்ல பழக்கம். அப்படிப் பார்த்தால் 3,000 அடி வேண்டும். சதுர 40 ஏக்கரில் அது கிடைக்கவே கிடைக்காது. நீளவாக்கில் இருந்தால் 3,000 அடிக்கு 580 அடி அகலம் என்று 40 ஏக்கர் அமையும். அப்போதும் இரு பக்க வேலிகளும் ரன்வேயின் நடுக்கோட்டிலிருந்து 290 அடியில்தான் நிற்கும். நிலத்தின் வடிவத்தை நீங்கள் சொல்லவில்லை. சதுரம் என்றால் மீதியைப் படிக்கும் முன்பே இந்த விமானத்துக்கு இந்த நிலம் போதாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளவாக்கு, வடக்கு தெற்கு என்று வைத்துக்கொண்டு மேலே போவோம். அந்தப் பக்கம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும்தான் காற்று. விமானம் காற்றை எதிர்த்துக் கிளம்பும். அதாவது உங்கள் புறப்பாடுகளில் அதிகமானவை நேராகக் குதிரைக்காரரின் தலைக்கு மேல். சூடான நாளில் 2,200 அடியில் 50 அடி உயரத்தை எட்டினால், அதன்பின் சுமார் 12 அடி முன்னே போக ஓரடி ஏறும். தெற்கு வேலியைக் கடக்கும்போது உத்தேசமாக 110 அடி உயரம். அவருடைய லாயம் வேலியிலிருந்து 1,000 அடி உள்ளே இருந்தால் அதற்கு மேல் 190 அடி. முழு விசையில், மிக அதிக இரைச்சலோடு. அவர் கோபத்தை வீம்பு என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது.

இந்த உயரத்தில் பறப்பது விமான விதிப்படி தவறில்லை. குறைந்தபட்ச உயரம் பற்றிய விதி, 91.119, ஊர்ப்புறமல்லாத இடத்தில் 500 அடி என்கிறது. ஆள் நடமாட்டம் அரிதான இடத்தில் மனிதர், வண்டி, கட்டடம் எதற்கும் 500 அடிக்குள் நெருங்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்த விதி தொடங்குவதே "கிளம்பவும் இறங்கவும் தேவையான போது தவிர" என்றுதான். அண்டைக்காரர் எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்துக்குப் புகைப்படத்தோடு எழுதினாலும், நீங்கள் நேராகக் கிளம்பி ஏறிப் போயிருந்தால் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. கிளம்பிய பிறகு நண்பர்களுக்குக் கையசைக்க ஒரு முறை தாழப் பறந்து திரும்பினீர்கள் என்றால் கதை வேறு. அது கிளம்புவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 91.119 பாயும், கவனக்குறைவான பறத்தல் பற்றிய 91.13-உம் சேர்ந்து பாயும்.

இப்போது அந்த "அனுமதி". கூட்டாட்சி விதிகளில் பகுதி 157 என்று ஒன்று உண்டு. புதிதாக விமானத் தளம் அமைப்பவர், தனியாருக்கு மட்டுமானதாக இருந்தாலும், வேலை தொடங்க 90 நாளுக்கு முன்னால் படிவம் 7480-1 வழியாக எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். கவனியுங்கள், தெரிவிக்கத்தான் வேண்டும். அவர்கள் வான்வெளியை ஆய்வு செய்து மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள்: ஆட்சேபம் இல்லை, நிபந்தனையோடு ஆட்சேபம் இல்லை, அல்லது ஆட்சேபம் உண்டு. பக்கத்து விமான நிலையங்களின் சுற்றுப்பாதைகளோடு மோதுகிறதா, கோபுரங்களும் மரங்களும் இடிக்கின்றனவா என்பதுதான் அவர்கள் பார்ப்பது. சுற்றுச்சூழலையும் நிலப் பயன்பாட்டுப் பொருத்தத்தையும் இந்த ஆய்வு கணக்கில் எடுக்காது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உள்ளூர்ச் சட்டங்களுக்குக் கட்டுப்படும் பொறுப்பிலிருந்து இது விடுவிக்காது என்பதும் அங்கேயே இருக்கிறது. வேலை முடிந்த 15 நாளுக்குள் முடிந்ததைத் தெரிவிக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிக் கடிதத்தை மறந்துவிடுவார்கள். எஃப்.ஏ.ஏ. அனுப்பிய கடிதத்தில் காலாவதி தேதி போட்டிருந்தால் அதற்குள் முடிக்காத வேலைக்கு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

"எப்போதாவது பறப்பவருக்கு அந்தப் படிவமே தேவையில்லை" என்று யாராவது உங்களிடம் சொல்லுவார்கள். பாதி உண்மை. வாரத்தில் 3 நாளுக்கு மேல் போகாமல், ஒரு நாளில் 10 இயக்கத்துக்கு மேல் போகாமல், கண்பார்வை விதிகளின்படி (கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்து) மட்டும் பறக்கும் இடத்துக்கு விலக்கு உண்டு. கிளம்புவது ஓர் இயக்கம், இறங்குவது ஓர் இயக்கம். ஆனால் அந்த விலக்கின் வாக்கியத்தில் இன்னொரு சொற்றொடர் இருக்கிறது: அந்த இடம் நிலைபெற்ற விமானத் தளமாக இருக்கக் கூடாது, ஓராண்டுக்கும் குறைவான பயன்பாடாக இருக்க வேண்டும். ரன்வேயைச் சமன்படுத்தி, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை நட்டு, கொட்டகை கட்டிவிட்டு "எப்போதாவது" என்று சொல்ல முடியாது. படிவத்தை நிரப்பிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. வழக்கு வந்தால் முறைப்படி நடந்துகொண்டவர் என்ற பெயராவது மிஞ்சும்.

நிலத்தின் பக்கம். ஊர் எல்லைக்குள் உள்ள நிலத்துக்கும் வெளியே உள்ளதற்கும் டெக்சாஸில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அங்கே கவுண்ட்டிகளுக்குப் பொதுவாக நிலப் பயன்பாட்டை வகைப்படுத்தும் அதிகாரம் கிடையாது. தனியார் ரன்வேக்கு மாநில உரிமமும் தேவையில்லை. இதைக் கேட்டு வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் ஏமாந்துவிட வேண்டாம். இல்லினாய்ஸில் மாநில வானூர்தித் துறையின் சான்றிதழ் வேண்டும். பென்சில்வேனியாவிலும் மினசோட்டாவிலும் தனியார் தளத்துக்கே உரிமம் உண்டு. விஸ்கான்சினிலும் ஃபுளோரிடாவிலும் இட ஒப்புதல் கேட்பார்கள். கவுண்ட்டி வகைப்பாடு உள்ள இடங்களில் "சிறப்புப் பயன்பாட்டு அனுமதி" என்று விண்ணப்பித்து, சுற்றியுள்ள நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்புப் போய், பொது விசாரணை நடந்து, ஒரு நாளில் இத்தனை முறைதான், இரவில் கூடாது, இத்தனை விமானம்தான் என்ற நிபந்தனைகளோடு வெளியே வர வேண்டியிருக்கும்.

டெக்சாஸ் என்பதால் கவுண்ட்டி அலுவலகப் படியே ஏற வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளச் சமவெளிக்குள் உங்கள் நிலத்தின் ஒரு மூலை இருந்தாலும் மண்ணை வெட்டிக் கொட்டிச் சமன்படுத்த கவுண்ட்டியின் வெள்ளப்பகுதி அனுமதி வேண்டும். சதுப்பை நிரவினால் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் சேரும். நிலம் வேளாண் மதிப்பீட்டில் வரிச்சலுகை பெற்றிருந்தால், ரன்வே ஆக்கிய பகுதி பயன்பாடு மாறியதாகக் கருதப்பட்டு முந்தைய 3 ஆண்டுகளின் வரி வித்தியாசத்தைக் கட்டச் சொல்லலாம். ரன்வேயிலும் ஓரங்களிலும் புல் வளர்த்து வைக்கோலாக அறுத்து விற்பவர்கள் இதனால்தான் அப்படிச் செய்கிறார்கள். அது ஏற்கப்படுமா என்பது அந்தக் கவுண்ட்டியின் மதிப்பீட்டு அலுவலரைப் பொறுத்தது. முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது உங்கள் பத்திரத்திலேயே ஒளிந்திருக்கும். பெரிய பண்ணையைத் துண்டு போட்டு விற்கும்போது "விமான ஓடுதளம் கூடாது", "இரைச்சல் தரும் தொழில் கூடாது" என்று நிபந்தனை எழுதி விற்பது அங்கே சாதாரணம். கவுண்ட்டிக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லாத இடத்தில் அந்த வேலையை இந்த நிபந்தனைகள் செய்கின்றன. அதே பண்ணையிலிருந்து நிலம் வாங்கிய குதிரைக்காரரே அதைக் காட்டி நீதிமன்றத்தில் தடை வாங்க முடியும். வாங்கும்போது வந்த உரிமை ஆய்வு அறிக்கையில் விலக்குகளின் பட்டியல் இருக்கும். அதில் குறிப்பிட்டுள்ள ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்துப் படியுங்கள்.

"வானம் மத்திய அரசுடையது, உள்ளூர்க்காரன் எப்படித் தடுக்க முடியும்?" என்று கேட்பவர்கள் 1973-ஆம் ஆண்டு பர்பேங்க் வழக்கைக் காட்டுவார்கள். கலிஃபோர்னியாவில் அந்த நகராட்சி, இரவு 11 மணி முதல் காலை 7 வரை ஜெட் விமானங்கள் கிளம்பக் கூடாது என்று போட்ட தடையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பறப்பதைக் கட்டுப்படுத்துவது பற்றிய தீர்ப்பு அது. எங்கே இறங்கலாம் என்பது வேறு. மிச்சிகனில் லேக் ஏஞ்சலஸ் என்ற சிறு நகரம் தன் ஏரியில் கடல்விமானம் இறங்கக் கூடாது என்று விதித்த தடையை 1996-இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. இந்தியானாவில் கிளியர் லேக் என்ற ஊரில் ஹெலிகாப்டர் இறங்குதளம் பற்றி 2005-இல் ஏழாவது வட்டார நீதிமன்றமும் அதே வழியில் போனது. ஆக, இறங்கும் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை உள்ளூருக்கு உண்டு. நீங்கள் மேலே போன பிறகு எந்த உயரத்தில், எந்தப் பாதையில் என்பதில் உள்ளூர் கை நீளாது.

அண்டைக்காரர் போடக்கூடிய வழக்குக்கு வருவோம். எல்லோரும் தொட்டுப் பேசுவது 1946-இன் காஸ்பி வழக்கு. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ அருகே ஒரு கோழிப்பண்ணை. ராணுவ விமானங்கள் நிலத்துக்கு மேல் 83 அடியிலும் வீட்டுக் கூரைக்கு மேல் 67 அடியிலும் இறங்கிக்கொண்டிருந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, ஏறக்குறைய 150. தொழிலே நின்றது. நிலத்தோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடிய அளவுக்காவது மேலே உள்ள வெளியும் நிலத்துக்காரருடையது, அதில் அடிக்கடி தாழப் பறப்பது அவர் நிலத்தில் உரிமை எடுத்துக்கொண்டதற்குச் சமம் என்றது உச்ச நீதிமன்றம். அங்கே எதிராளி அரசு என்பதால் அது இழப்பீட்டுக் கேள்வி ஆனது. தனியாரான உங்கள் மேல் வருவது அத்துமீறல் வழக்காகவோ, தொல்லை தருவதாகச் சொல்லும் வழக்காகவோ இருக்கும். தொல்லை என்றால் என்ன என்பதை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2016-இல், ஓர் எரிவாயு அழுத்த நிலையத்தின் இரைச்சல் பற்றிய வழக்கில் விளக்கியது: நிலத்தைப் பயன்படுத்தி அனுபவிப்பதில் கணிசமான இடையூறு இருக்க வேண்டும்; சராசரி உணர்வுள்ள ஒருவருக்கு அது நியாயமற்ற அசௌகரியமாகத் தோன்ற வேண்டும்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்ல முடியாததும் உண்டு. வாரத்துக்கு இரண்டு முறை கிளம்பி இரண்டு முறை இறங்கும் ஒற்றை 172-ஐ ஒரு ஜூரி கணிசமான இடையூறு என்று சொல்லுவது கடினம். தினமும் காலையில், 110 அடியில், ஒரே வேலிக்கு மேல் என்றால் நிலைமை மாறும். எத்தனையாவது விமானத்தில் தொல்லை தொடங்குகிறது என்பதற்கு எந்தத் தீர்ப்பிலும் எண் கிடையாது. எந்த வக்கீலும் எண் சொன்னால் நம்பாதீர்கள். குதிரையை மிரட்டி அதன் மேலிருந்தவர் விழுந்தால் அது தனிக் கணக்கு. அங்கே நீங்கள் முன்கூட்டியே அறிந்திருந்தீர்களா என்பது பெரிதாகும். அவர் வேலியோரம் நின்று எச்சரித்துவிட்டார் என்பதால், அறிந்திருந்தீர்கள்.

அவருக்கு இன்னொரு ஆயுதமும் இருக்கிறது, நீதிமன்றமே தேவையில்லாதது: மரம். பொது விமான நிலையத்தைச் சுற்றித் தடைகள் எழுப்பினால் எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டும் என்ற பகுதி 77 விதி, தனியார் ரன்வேயை அப்படிக் காப்பதில்லை. 200 அடிக்கு மேல் போனால்தான் எல்லாருக்குமான அறிவிப்பு. அவர் தன் நிலத்தில், உங்கள் ரன்வேயின் நேர்கோட்டில், ஒரு வரிசை மரம் நட்டால் கேட்க ஆளில்லை. அணுகுபாதைக்கு 20-க்கு 1 என்ற சரிவு வழக்கமான அளவுகோல். 50 அடி மரம் என்றால் ரன்வே முனையிலிருந்து 1,000 அடி தள்ளி இருக்க வேண்டும். 35 அடி மின்கம்பம் என்றால் 700 அடி. பொதுச்சாலையைக்கூட 15 அடி உயரத் தடையாகக் கணக்கில் எடுப்பார்கள், லாரி போகுமே என்பதற்காக. அதற்கு 300 அடி. உங்கள் 3,000 அடி நிலம் வேலிக்கு வேலி ரன்வே என்றால் இந்த இடைவெளிகள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் இருக்கின்றன. வேலியோரம் 50 அடி ஓக் மரம் ஏற்கெனவே நின்றால், இறங்கும் புள்ளியை 1,000 அடி உள்ளே தள்ளி, மீதி 2,000 அடியில்தான் இறங்க வேண்டும்.

ஆகவே அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். பேச்சில் கேட்க வேண்டியது சம்மதம் அல்ல. வாய்ச் சம்மதம் நிலம் கைமாறும் நாளில் போய்விடும். நம்மூரில் வண்டிப்பாதை உரிமையை எழுதிப் பதிவு செய்வோமே, அதே போல வான்வழி உரிமையை விலைக்கு வாங்கிக் கவுண்ட்டிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதில் ரன்வே முனையில் தொடங்கி 20-க்கு 1 சரிவில் விரியும் பட்டையின் அளவு, அதற்குள் மரமோ கட்டடமோ எந்த உயரத்தைத் தாண்டக் கூடாது, வளர்ந்த மரத்தை யார் செலவில் வெட்டுவது, எந்த அளவு விமானம், ஒரு நாளில் எத்தனை முறை, எந்த நேரத்துக்குள் என்பவை எல்லாம் அளவையாளரின் வரைபடத்தோடு இருக்க வேண்டும். கட்டுப்பாடுகள் உங்களுக்கு எதிரானவை போலத் தோன்றும். உண்மையில் அவைதான் அவரைக் கையெழுத்துப் போட வைக்கும். அவர் விற்க மறுத்தால், ரன்வேயை வடக்கே தள்ளி 2,400 அடியாகக் குறைத்து, லேசான எடையோடு, குளிர்ந்த நேரத்தில் மட்டும் பறப்பது ஒரு வழி. தெற்கு வேலியை அப்போது கூடுதல் உயரத்தில் கடப்பீர்கள்.

காற்று மெதுவாக வீசும் நாட்களில் வடக்கே கிளம்பித் தெற்கைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். 2 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) பின்காற்றுக்கு 10 சதவீதம் தூரம் கூடும் என்கிறது உங்கள் கையேடு. 4 நாட் என்றாலே 20 சதவீதம். காற்றுப்பை தொங்கிக் கிடக்கும் காலை நேரத்தில் சரி, அது அசையத் தொடங்கிவிட்டால் வேண்டாம். அண்டை வீட்டு நல்லுறவுக்காக மரத்தில் போய் மோதக் கூடாது. சுற்றுப்பாதையை மாற்றுவது இதைவிடப் பாதுகாப்பானது. கட்டுப்பாடற்ற தளத்தில் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம் என்பது பொது விதி. ஆனால் தரையில் குறியீடு வைத்து வலப்பக்கம் என்று காட்டினால் வலப்பக்கம் திரும்பலாம். லாயம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கத்தில் சுற்றுப்பாதையை வையுங்கள். கோபுரமும் தனி அலைவரிசையும் இல்லாத தளங்களுக்கான 122.9 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே வாருங்கள்.

இரைச்சலைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கத்தை விட்டாலே பாதித் தகராறு தீரும்: தொட்டுத் தொட்டுக் கிளம்பும் பயிற்சியைச் சொந்த ரன்வேயில் செய்யாதீர்கள். ஒரு பயணம் என்பது அண்டைக்காரருக்கு ஒரு நிமிடச் சத்தம் இரண்டு முறை. ஒரு மணி நேரச் சுற்றுப் பயிற்சி என்பது பத்து முறை முழு விசை. அதற்குப் பொது விமான நிலையம் இருக்கிறது. அடுத்தது எஞ்சின் சோதனை. எஞ்சினை நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில் வைத்து, தீப்பொறி தரும் மேக்னீட்டோவைச் சோதிக்கும் அந்த இரண்டு நிமிடத்தை ரன்வேயின் தெற்கு முனையிலோ லாயத்தின் அருகிலோ செய்யாமல் வடக்கே கொட்டகை வாசலில் முடித்துவிட்டு வாருங்கள். தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். தாழ்ந்த உயரத்தில் விசையைக் குறைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். 172எஸ்-இல் விசிறியின் கோணம் மாற்ற முடியாதது; சுழற்சியைக் குறைத்தால் ஏற்றமும் குறையும், அவர் கூரைக்கு இன்னும் கிட்டத்தில் போவீர்கள். நேரமும் முக்கியம். எஃப்.ஏ.ஏ. பெரிய நிலையங்களுக்குப் பயன்படுத்தும் இரைச்சல் கணக்கில் இரவு 10 முதல் காலை 7 வரை பறக்கும் ஒரு விமானத்துக்கு 10 டெசிபெல் கூட்டுவார்கள். அதாவது ஓர் இரவு விமானம் பத்துப் பகல் விமானத்துக்குச் சமம். அந்தக் கணக்கு உங்கள் ரன்வேயைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்துக்கு அவர் வக்கீல் அதை எடுப்பார்.

ரன்வே பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்முடா புல் அந்த வெயிலுக்குத் தாங்கும். மழைக்குப் பின் காலால் மிதித்தால் தண்ணீர் ஊறும் இடம் இருந்தால் அன்று பறக்கக் கூடாது. நெருப்பெறும்புப் புற்று ஒரே வாரத்தில் முளைத்து, வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். முன்சக்கரம் அதில் மோதினால் விசிறி தரையைத் தொடும். காட்டுப்பன்றி ஒரே இரவில் பத்தடி அகலத்துக்கு உழுதுவிட்டுப் போயிருக்கும். அதனால் கிளம்பும் முன் முழு நீளத்தையும் வண்டியில் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். வண்டியில் உட்கார முடியாத அளவு குலுக்கினால் விமானத்துக்கு அது ரன்வே இல்லை.

எரிபொருள்: 55 கேலனும் அதற்கு மேலும் கொள்ளும் கலன்கள் எல்லாம் சேர்த்து 1,320 கேலனைத் தாண்டினால், கசிவு நீர்நிலையைச் சேர வாய்ப்புள்ள இடத்தில், மத்திய சுற்றுச்சூழல் விதிப்படி கசிவுத் தடுப்புத் திட்டம் எழுதி வைக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. ஆனால் 100எல்எல் என்ற விமான பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. அண்டைக்காரரின் கிணறு அருகே இருந்தால் எரிபொருளை அங்கே சேமிக்காமலே இருப்பது நல்லது.

காப்பீட்டை எல்லாரும் கடைசியில் நினைப்பார்கள். வீட்டுக் காப்பீடு பொதுவாக விமானம் சார்ந்த பொறுப்பை விலக்கிவைத்திருக்கும். தளத்துக்கென்று தனிப் பொறுப்புக் காப்பீடு வேண்டும். விமானக் காப்பீட்டிலும் பதிவுபெறாத புல் தளம் ஏற்கப்படுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். நண்பர்கள் இறங்க வருவார்கள். பொழுதுபோக்குக்காக நிலத்தை இலவசமாகப் பயன்படுத்த விடுபவரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் உண்டு, சிலவற்றில் விமானமும் அதில் அடக்கம். ஆனால் இறங்க ஒரு டாலர் வாங்கினாலும் அந்தப் பாதுகாப்பு ஆட்டம் காணும். வருபவர்களின் எண்ணிக்கையும் அண்டைக்காரரின் கணக்கில் உங்கள் எண்ணிக்கைதான்.

அவர் ஷெரிப்பைக் கூப்பிட்டால் வருபவரிடம் வாதாட வேண்டாம். எஃப்.ஏ.ஏ. கடிதத்தின் நகல், பத்திரம், விமானப் பதிவு, விமானி உரிமம் ஆகியவற்றை ஒரு கோப்பில் கொட்டகையிலேயே வையுங்கள். கூடவே ஒரு நோட்டு: தேதி, மணி, கிளம்பியதா இறங்கியதா, எந்தத் திசை, காற்று எப்படி. "தினமும் பத்து முறை பறக்கிறார்" என்ற குற்றச்சாட்டுக்கு நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய பதில் அந்த நோட்டுதான். அதற்கு முன்னால், இந்த வாரமே, உங்கள் கைபேசி எண்ணைக் குதிரைக்காரரிடம் கொடுத்து, குட்டி போடும் காலம் எப்போது, குதிரையை வெளியே பழக்கும் நேரம் எது என்று கேட்டு, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.